பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஊரார் கூடி மீட்பது எப்படி?

மலேசியாவில் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட பிறகு தோட்டங்களுக்கு அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. அதனால் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் ஆளில்லாத வீடுகளும் கடைகளும் பெருகின. அப்படிப்பட்ட ஓர் இடத்தைச் சீர்ப்படுத்தக் கூட்டம் போட்டால் முதல் பேச்சே பாராங் கத்தியும் புல்வெட்டி இயந்திரமுமாகத்தான் இருக்கும். அவற்றைத் தொடுவதற்கு முன், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாட் எண்ணும் (நிலத்துண்டின் எண்) பட்டா எண்ணும் கையில் இருந்தால், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமையாளர் விவரத்தைப் பெறலாம். எண் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டு நில வரி ரசீதைக் கொண்டுபோய்க் காட்டி, வரைபடத்தில் அடுத்த லாட்டைக் கேட்டறியலாம்.

பெரும்பாலும் பட்டாவில் இருப்பது காலமாகிவிட்ட ஒருவரின் பெயராகவே இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். வழக்கறிஞர் செலவுக்குப் பயந்தோ, அண்ணன் தம்பி மனத்தாங்கலாலோ பெயர் மாற்றாமல் விட்டிருப்பார்கள். 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி, இத்தகைய சொத்துகளை நில அலுவலகமே விசாரித்து வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இதை வாரிசுகளுக்கு எடுத்துச் சொல்வதே பாதி வேலை. கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் விசாரித்தால் அவர்களின் தொலைபேசி எண்கள் கிடைத்துவிடும்.

வாரிசுகளிடம் வீட்டைக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். ஊராரை உள்ளே விட்டால் நிலமே போய்விடும் என்ற அச்சம்தான் அவர்களைத் தடுக்கிறது. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டாதாரரின் உரிமை அதனால் அழியாது என்று தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இதைப் பொறுமையாக விளக்குங்கள். மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை என்பதால், அந்தக் கால அளவில் எழுதிக்கொள்வது எளிது. ஆனால் பெயர் மாற்றம் முடிந்து, பட்டாவில் உள்ள எல்லாரும் கையெழுத்திட்டால்தான் அது உறுதியாக நிற்கும்.

நிலம் தோட்ட நிறுவனத்துக்குச் சொந்தமானால், எழுத்துமூல அனுமதி வரும்வரை லயத்துக்குள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள்) கால் வைக்காதீர்கள். அரசு நிலமானால் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியுடன் முடிவதால், நிரந்தரக் கட்டடம் எழுப்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

அடுத்தது, அங்கே வாழ்ந்தவர்களை அழைத்து வருவது. நாங்கள் ஒரு பழைய ஆயாக்கொட்டகையை (தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையை) பார்க்கப் போனபோது, இளைஞர்கள் அதை இடித்துவிட்டுப் பந்து விளையாடும் திடல் அமைக்க வேண்டும் என்றார்கள். உடன் வந்த முன்னாள் பால்மரத் தொழிலாளியான ஒரு பாட்டி, உத்தரத்தில் வரிசையாக இருந்த துருப்பிடித்த கொக்கிகளைக் காட்டி, மூன்றாவது கொக்கியில் தொங்கிய தூளியில்தான் தம் மகனைப் போட்டுவிட்டு விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போனதாகச் சொன்னார். அதன் பிறகு இடிக்கும் பேச்சு எழவில்லை. மாலை நேரப் பாட வகுப்புக்கு அந்தக் கொட்டகையையே எடுத்துக்கொண்டோம். ஓர் இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் தலைவர்கள் மட்டும் கூடி முடிவு செய்யக் கூடாது என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பணம் புழங்கத் தொடங்கும் முன் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். ஏழு பேர் இருந்தால் போதும். பெரிய மானியத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளி (ரிங்கிட்) வீதம் சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கினார். சிறு தொகைக்கும் ரசீது கொடுங்கள்; கணக்கை மாதந்தோறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி) நாளுக்கு முன்பே, குப்பையை அள்ள லாரி வருமா என்று ஊராட்சி மன்றத்தில் கேட்டு வையுங்கள். மின்கம்பிகளை மின் நிறுவனமான தெனாகா நேஷனல் ஆட்கள் பார்க்காமல் யாரும் தொடக் கூடாது. பழைய கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடாக இருக்கக்கூடும். அதை அறுத்தாலோ உடைத்தாலோ பறக்கும் நுண்தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே அந்த வேலையை அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடமே விடுங்கள். டயர், வாளி, அடைபட்ட கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கிய நீரை முதலில் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

சாவியை இருவரிடம் கொடுத்து, வாராவாரம் கூட்டிப் பெருக்குபவர்களின் பெயர்ப் பட்டியலைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே, கணக்கு ஏட்டையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு வாரிசுகளை மறுபடி போய்ப் பாருங்கள்.