திருநர் ஊழியர்களின் பி.எஃப்.: பெயர், பாலினம், நாமினி

பழைய பெயரில் ஒரு யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்), புதுப் பெயரில் இன்னொன்று. திருநர்களின் பென்ஷன் இங்கேயே பறிபோகலாம். 58 வயதில் மாதப் பென்ஷன் வர மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். பழைய எண்ணில் 6, புது எண்ணில் 5 என்று பிரிந்து கிடந்தால் அந்தப் பத்து தேறாது. எனவே புது வேலையில் சேரும்போது தரும் பி.எஃப். விவரப் படிவமான படிவம் 11ஐ நிரப்பும்போது பழைய எண்ணையே எழுதுங்கள்; பாலினத்தில் திருநர் என்ற தேர்வும் அதில் உண்டு. இரண்டு எண் ஏற்கெனவே இருந்தால் ட்ரான்ஸ்ஃபர் க்ளெய்ம் (கணக்கு மாற்று விண்ணப்பம்) போட்டுச் சேர்த்துவிடுங்கள்.

பெயர் மாற்றத்தை ஆதாரில் தொடங்குங்கள், பி.எஃப். அலுவலகம் அதைத்தான் ஒப்பிடும். மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றே இதற்கு ஆவணம். ஆதாரில் பாலினத்தை ஒருமுறைதான் மாற்றலாம். 'பெண்' என்றா, 'திருநர்' என்றா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு பான், வங்கிக் கணக்கு. இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தாலே க்ளெய்ம் திரும்பி வரலாம்.

அடுத்து பி.எஃப். உறுப்பினர் போர்ட்டலில் ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது விவரங்களைத் திருத்தும் விண்ணப்பம். 1.10.2017 முதல் வழங்கப்பட்ட, ஆதார் சரிபார்த்த யூ.ஏ.என். என்றால் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். பாலின மாற்று அறுவை சிகிச்சைச் சான்று கேட்டால் கொடுக்காதீர்கள்; அப்படி வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று திருநர் உரிமை பற்றிய 2014 நால்சா தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழுத்தடித்தால் 2019 திருநர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி நிறுவனம் நியமித்திருக்க வேண்டிய புகார் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பி.எஃப். குறைதீர் தளத்திலும் பதியுங்கள்.

இனி நாமினி. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாமினி இல்லாமல் இறந்தால், உங்களை வீட்டைவிட்டுத் துரத்தியவர்களே சட்டப்படி வந்து பணத்தை வாங்கிப் போகலாம். கடைசிவரை பார்த்துக்கொண்ட, நீங்கள் உறவாக ஏற்ற திருநங்கைத் தாய்க்கோ மகளுக்கோ ஒரு ரூபாயும் கிடைக்காது. போர்ட்டலின் இ-நாமினேஷன் பகுதியில் முதலில் 'குடும்பம் உண்டா?' என்று கேட்கும். பி.எஃப். கணக்கில் குடும்பம் என்றால் துணைவர், பிள்ளைகள், உங்களை நம்பி வாழும் பெற்றோர். அண்ணன், தங்கை அதில் வரமாட்டார்கள். இவர்களில் யாருமே இல்லை என்றால் 'இல்லை' என்று போட்டு, விரும்பியவரை நியமிக்கலாம். பென்ஷன் திட்டத்தில் பெற்றோரும் குடும்பத்தில் வருவதில்லை. துணைவர், பிள்ளைகள் இல்லாத உறுப்பினர் நியமித்த நாமினிக்கே, அந்த உறுப்பினர் இறந்தபின் மாதப் பென்ஷன் போகும்.

நாமினியின் ஆதார், புகைப்படம், வங்கி விவரம் தயாராக இருக்கட்டும். உங்கள் புகைப்படமும் ப்ரொஃபைலில் ஏறியிருக்க வேண்டும். பலர் 'சேவ்' கொடுத்ததும் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-சைன் (மின் கையொப்பம்) செய்யாதவரை அந்த நாமினேஷன் பதிவாகாது.

திருநங்கையும் இந்து திருமணச் சட்டப்படி மணமகளே என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. எனவே திருமணத்தைப் பதிவு செய்தால் கணவர் உங்கள் குடும்பம். 'குடும்பம் இல்லை' என்று சொல்லிப் போட்ட பழைய நாமினேஷன் அதோடு செல்லாததாகிவிடும். உடனே புதிதாகப் போடுங்கள்.