படிவம் 26-லிருந்து டெண்டர் கோப்பு வரை

"எல்லா ரோடு வேலையும் அவர் மச்சானுக்குத்தான் போகுது" என்று உள்ளூர் எம்.எல்.ஏ.வைப் பற்றியோ அமைச்சரைப் பற்றியோ ஊரெல்லாம் பேச்சு இருக்கும். ஆதாரம் கேட்டால் ஒருவரிடமும் ஒரு தாள்கூட இருக்காது. ஓய்வு பெறும்வரை கோட்டக் கணக்கராக டெண்டர் கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால், அந்தத் தாள் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்.

முதலில், அந்தத் தலைவர் தானே கையெழுத்துப் போட்ட படிவம் 26. வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம் இது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பலர் மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது பங்குகள், கூட்டு நிறுவன முதலீடு, முக்கியமாக "கொடுத்த கடன்கள்". பங்கே இல்லாத ஒரு கம்பெனிக்கு ஒருவர் பெரிய தொகையைக் கடனாகக் கொடுத்திருந்தால், அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். லோக் பிரஹரி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, அரசோடு உள்ள ஒப்பந்தங்களுக்கும் தனி இடம் வந்திருக்கிறது. வேட்பாளர், துணைவர், சார்ந்து வாழ்வோர், அவர்கள் பங்குதாரராக உள்ள நிறுவனங்கள், பங்கு வைத்துள்ள பிரைவேட் கம்பெனிகள் எல்லாம் அதில் வர வேண்டும். சொந்தமாகச் சம்பாதிக்கும் மகனும் மச்சானும் வரமாட்டார்கள். அதனால் இது தொடக்கம்தான்.

அடுத்து, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம். கம்பெனி பெயரைக் கொடுத்தால் பதிவு முகவரி, பதிவான தேதி, இயக்குநர்கள் தெரியும். ஒவ்வொரு இயக்குநருக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. அதை வைத்து அவர் வேறு எங்கெல்லாம் இருக்கிறார் என்று பிடிக்கலாம். கொஞ்சம் கட்டணம் கட்டினால் ஆண்டு அறிக்கையே பார்க்கலாம், பங்குதாரர் பட்டியல் அதில் இருக்கும். பதிவான தேதியைப் பதவியேற்ற தேதியோடு ஒப்பிடுங்கள். பெயரைவிட முகவரிதான் அதிகம் காட்டிக்கொடுக்கும்: கதவு எண் 14 ஒரு கம்பெனி, 14ஏ இன்னொன்று, மாடியில் மூன்றாவது.

இந்தப் பட்டியலோடு மாநில அரசின் டெண்டர் இணையதளத்துக்குப் போய் முடிவுகளைப் பாருங்கள். ஜெயித்தவரை மட்டும் பார்த்தால் போதாது, தோற்றவர் யார் என்பதுதான் சுவாரஸ்யம். ஒரு கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. மூன்று ஒப்பந்தப்புள்ளிகள். மூன்றுக்கும் முன்வைப்புத் தொகைக்கான (டெண்டர் போடுபவர் முன்கூட்டியே கட்டும் பிணைத் தொகை) டிடி ஒரே வங்கிக் கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்தது. தோற்றவர் ஒருவரின் லெட்டர்பேடில் இருந்த கைபேசி எண், ஜெயித்தவரின் பில்லிலும் இருந்தது. "போதிய போட்டி இருந்தது" என்று குறிப்பெழுதி, வரிசையாகச் சுருக்கொப்பம் வைத்திருந்தார்கள்! இப்போது பணம் பெரும்பாலும் ஆன்லைனில் போவதால் டிடி எண் கிடைக்காது. மின்னஞ்சல், கைபேசி எண், ஜிஎஸ்டி முகவரி ஆகியவற்றை ஒப்பிடுங்கள்.

இணையத்தில் கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். "ஏன் அவருக்கே கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"மேற்படி பணிக்கு வந்த ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பு விவரப் பட்டியல், பணி ஆணை, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், கூடுதல் பணிக்கான அனுமதி ஆணைகள், வழங்கப்பட்ட பில்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை. அதற்கு முன் குறிப்புப் பக்கங்களுடன் கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்."

அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு, குறிப்புப் பக்கங்கள் என்பவை அதிகாரிகள் கோப்பில் எழுதிய கருத்துகள். கூடுதல் பணியை மறந்துவிடாதீர்கள். குறைந்த ரேட்டில் வேலையை எடுத்து, அப்புறம் "மண் எதிர்பார்த்தபடி இல்லை" என்று எஸ்டிமேட்டை ஏற்றுவது பழைய கதை. டெண்டர் முடிவில் எல்லாம் சுத்தமாக இருக்கும், பணம் பின்வாசல் வழியாகப் போயிருக்கும். வணிக ரகசியம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(டி)-யைக் காட்டி மறுத்தால், பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள்.

கையில் கிடைத்ததை எல்லாம் ஊழல் என்று சொல்லிவிட முடியாது. உறவினர் ஒப்பந்தம் எடுப்பது மட்டுமே குற்றமாகாது. உறுப்பினரைத் தகுதியிழக்கச் செய்யும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு, அவர் தானே செய்த, நடப்பில் உள்ள ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அமைச்சர்களுக்கு நடத்தை விதி இருக்கிறது, தொழில் நிர்வாகத்தை விட்டு விலகச் சொல்கிறது, ஆனால் சட்ட பலம் கிடையாது. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தைத் தான் முதல்வராக இருந்தபோது தன் பங்கு நிறுவனம் வாங்கிய வழக்கில் 2000-ல் தண்டனை பெற்ற ஜெயலலிதாவை 2001-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003-ல் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. அதே தீர்ப்பு, நிலத்தைத் திருப்பித் தந்து மனசாட்சிக்குப் பதில் சொல்லும்படியும் கூறியது.

ஆகவே புகாரில் பட்டப்பெயர்கள் வேண்டாம். தேதி, முகவரி, தொகை, ஆவண எண் என்று வரிசையாக ஒரே பக்கத்தில் எழுதி, நகல்களை இணைத்து லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரமாணப் பத்திரத்தில் மறைத்தது தெரிந்தால் அது தனிப் புகார், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. முகநூலில் போடுவதாக இருந்தால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.