இணைப்புக்கு முன் பேரம்: விமானிகள் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு விமான நிறுவனங்கள் இணையப் போகின்றன என்று பேச்சு கிளம்பினால், சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் தேடுவது மற்ற நிறுவனத்தின் சம்பள அட்டவணையைத்தான். சரி, தேடட்டும். அதற்கப்புறமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. பழைய குழுக்கள் விழுந்த அதே பள்ளங்களில் இவர்களும் விழுவதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது மாதிரியான அறிவுரைகள் இதில் இல்லை. பேசப்போவது அமெரிக்கச் சட்டத்தின் கீழ் நடக்கும் பேரங்களைப் பற்றி.

உங்கள் கையெழுத்து தேவைப்படும் நேரத்தைக் கோட்டை விடுவது

விமான நிறுவனங்களுக்கும் பொருந்தும் ரயில்வே லேபர் சட்டத்தின்படி விமானிகளின் ஒப்பந்தம் காலாவதி ஆகாது. திருத்தம் கோரக்கூடிய தேதி வரும். புதியது முடியும்வரை பழையதே ஓடும். தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் கழிந்தால்தான் வேலைநிறுத்தம். ஆக, அந்த மிரட்டல் மெதுவானது. சங்கத்துக்கு உண்மையான பலம் இணைப்பு முடியும் முன்புதான். 2012 ஏப்ரலில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவால் நடவடிக்கையில் இருந்தபோது, அதன் நிர்வாகம் இணைப்புக்குச் சம்மதிக்கும் முன்பே யூஎஸ் ஏர்வேஸ் அங்கிருந்த மூன்று சங்கங்களோடும் பேசி உடன்பாடு கண்டது. இணைப்பு முடிந்த மறுநாள் யாரும் உங்களை அப்படி அவசரமாகக் கூப்பிட மாட்டார்கள்.

தேதி இல்லாத இடைக்கால ஒப்பந்தம்

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது. இரு தரப்பு விமானிகளுக்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தம் வரும்வரை தனித்தனியாக இயங்க ஓர் இடைக்கால ஒப்பந்தம் போடுவார்கள். யார் எந்த விமானத்தை ஓட்டுவது, ஆட்குறைப்பில் யார் முதலில் போவது என்பதைத் தீர்மானிக்கும் ஒருங்கிணைந்த சீனியாரிட்டி பட்டியல், கூட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போதுதான் அமலாகும் என்று அதில் ஒரு வரி இருக்கும். பார்த்தால் நியாயமாகவே தெரியும். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தை எப்போதுக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் யார் முடித்துவைப்பது என்று எங்கும் எழுதியிருக்காது.

2005-ல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. 2007 மே மாதம் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் பட்டியலைக் கொடுத்தார். பெரிய விமானங்களை ஓட்டிய யூஎஸ் ஏர்வேஸ் மூத்தவர்கள் உச்சியில். ஆட்குறைப்பில் வீட்டில் இருந்த அதே நிறுவனத்து விமானிகளோ, அமெரிக்கா வெஸ்ட்டில் பணியில் இருந்தவர்களுக்குக் கீழே. பல வருட சர்வீஸ் உள்ளவர்கள் நேற்று சேர்ந்தவருக்குப் பின்னால் போனார்கள். கிழக்குத் தரப்பு, அதாவது பழைய யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள், கொதித்தது; எண்ணிக்கையிலும் அதுதான் பெரியது. 2008-ல் அதுவரை இரு தரப்புக்கும் இருந்த ஆல்பா என்ற விமானிகள் சங்கத்தை வாக்கெடுப்பில் வெளியேற்றிவிட்டு யூசாபா என்ற புதிய சங்கத்தைக் கொண்டுவந்தார்கள். பட்டியலைத் தடுக்க அப்புறம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கூட்டு ஒப்பந்தம் முடியாமல் இருந்தாலே போதும். முடியவே இல்லை.

கிழக்குத் தரப்பு திவால் காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்திலேயே பல ஆண்டுகள் பறந்தது. மேற்குத் தரப்பு, அதாவது அமெரிக்கா வெஸ்ட் விமானிகள், தன் பழைய ஒப்பந்தத்திலேயே தேங்கியது. 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மேற்குத் தரப்பு யூசாபா மீது போட்ட வழக்குக்கு இன்னும் காலம் கனியவில்லை என்றது. 2015-ல் அதே நீதிமன்றம், யூசாபா தன் பிரதிநிதித்துவக் கடமையை மீறியது என்றது. அதற்குள் அமெரிக்கனோடு அடுத்த இணைப்பே முடிந்துவிட்டது. ஒரே பட்டியல் 2016-ல்தான், வேறு நடுவர்கள் மூலம் வந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் நிர்வாகத்துக்கு மலிவான விமானிகள்.

ஒரு பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது, எங்கள் நிர்வாகம் அப்படி இழுத்தடிக்காது என்றார் ஓர் இளம் கேப்டன். இழுத்தடிக்க நிர்வாகமே தேவையில்லை, பட்டியலில் தோற்ற விமானிகளே போதும் என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தேதி போடுங்கள். அந்தத் தேதிக்குள் முடியாத பிரிவுகள் தானாக நடுவரிடம் போகும் என்று எழுதுங்கள். இன்னும் நல்லது, டெல்டா–நார்த்வெஸ்ட் வழி. 2008 தொடக்கத்தில் பட்டியலை முதலில் முடிக்கப் பார்த்து அவர்களும் தோற்றார்கள். பிறகு வரிசையை மாற்றினார்கள்: கூட்டு ஒப்பந்தம் ஆகஸ்டில், இணைப்பு அக்டோபரில், நடுவர்களின் பட்டியல் டிசம்பரில்.

எதிர்த்தரப்பு விமானிகளை வாட்ஸாப்பில் திட்டுவது

நாளை பக்கத்து சீட்டில் அவர்தான் உட்காருவார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவது

2001-ல் அமெரிக்கன் வாங்கிய டிடபிள்யூஏ நிறுவனத்து விமானிகளில் பெரும்பகுதியினரை அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டிவிட்டார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 2007-ன் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டம். அது நியாயமான ஒருங்கிணைப்புக்கும் நடுவர் தீர்ப்புக்கும் வழி தருகிறது. சம்பளம், பணி விதிகள், எந்த விமானத்தை யார் ஓட்டுவது என்பதில் வாய் திறக்காது. இரு தரப்புக்கும் ஒரே சங்கம் என்றால் அந்தச் சங்கத்தின் சொந்த விதிகளே பொருந்தும். முதலில் அந்த விதிகளைப் படியுங்கள்.

உறுப்பினர்களைக் கேட்காமலே நிராகரிப்பது

ஏர்டிரானை சவுத்வெஸ்ட் வாங்கிய பிறகு, 2011-ல் அதனோடு வந்த முதல் சீனியாரிட்டி உடன்பாட்டை ஏர்டிரான் விமானிகளின் தலைமைக் குழு, வாக்கெடுப்புக்கே விடாமல் தள்ளிவிட்டது. ஏர்டிரானை ஒருங்கிணைக்காமலே விட்டுவிடலாம் என்ற பேச்சு நிர்வாகத்திடமிருந்து வந்தது. இரண்டாவது உடன்பாடு விமானிகளின் வாக்குக்கு வந்தது, நிறைவேறியது. முதலாவதைவிட அது மோசம்.