மச்சு அறையின் எதிரொலியை அடக்க நாமே செய்யும் பேனல்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் 12க்கு 10 அடியில் ஓர் அறை. தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், நாலு பக்கமும் சிமென்ட் பூசிய சுவர். மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். ஒருநாள் அவர்கள் ஒத்திகையை அங்கே வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். மாமா பாதியிலேயே கையை உயர்த்திவிட்டார். "என்ன மருமவனே, மைக்க கெணத்துக்குள்ள எறக்குனியா?"

அடுத்த வாரமே ஆன்லைனில் ஓர் அங்குலக் கனத்தில் கறுப்பு நுரைச் சதுரங்கள் 24 வாங்கி, டபுள் டேப்பால் சுவரில் ஒட்டினேன். சித்திரை வெக்கையில் டேப் இளகி, ராத்திரியில் ஒவ்வொன்றாகத் தொப்பு தொப்பென்று விழுந்தன. ஒட்டி நின்ற நாட்களிலும் ஜால்ராவின் பளிச்சென்ற ஒலிதான் மங்கியதே தவிர, குடத்தின் கும்மென்ற முழக்கம் அப்படியே இருந்தது. காசு போனது போகட்டும். நீங்கள் அதே தப்பைச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனல் என்பது மரச்சட்டத்துக்குள் பஞ்சுப் பலகையை வைத்துத் துணி போர்த்தியது. அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதை அது குறைக்கும். அவ்வளவுதான். ஆனித் திருவிழா ஒலிபெருக்கியையும், பஸ் ஹாரனையும், காலையில் அகவுகிற மயிலையும் அது தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவு ஜன்னலும் வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு.

கை தட்டிப் பாருங்கள்

அறை நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. 'டர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்து மாதிரி மாற்றி மாற்றி எறிகின்றன என்று பொருள். அப்புறம் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நாலு வரி பேசி, போனில் பதிவு செய்து வையுங்கள். வேலை முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும். நான் செய்யாமல் விட்டு வருத்தப்பட்டேன்.

பழைய நெல்லை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், கூப்பிட்டால் குரல் விரியும். சாமான் வைக்கிற உள்ளறையான அரங்குக்குள் போனால் அதே குரல் அடங்கிவிடும். அங்கே நெல் மூட்டையும் மெத்தையும் துணி மூட்டையும் அடைந்து கிடக்கும், அதுதான் காரணம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், எதிரொலியால் பாடமே புரியாத ஒரு வகுப்பறையைச் சரிசெய்யக் கிளம்பி இதையேதான் கண்டார். பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அவர் தந்த கணக்கு எளிது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்கும் நொடி வரும் (அளவெல்லாம் மீட்டரில்). எங்கள் அறை 10 அடி உயரம், சுமார் 34 கன மீட்டர். வெறும் சுவரும் தரையும் சேர்ந்து இரண்டரைச் சதுர மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும் என்று வைத்தால், சத்தம் அடங்க 2 நொடிக்கு மேல் ஆகும். நல்ல பேனல் ஆறு மாட்டினால் அது 0.9 நொடிக்கு இறங்கும். கட்டிலும் கனத்த திரையும் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே சுவர் முழுக்க மூட வேண்டியதில்லை.

கனம் ஏன் முக்கியம்

நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1000 அதிர்வு உள்ள ஒலியின் ஓர் அலை 35 செ.மீ. நீளம்; 100 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை மீட்டர். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைய வழியில்லை. சுவரை விட்டு விலக விலகத்தான் அது நன்றாக ஆடும். தாமிரபரணியின் குறுக்குத்துறையில் குளித்தவர்களுக்குத் தெரியும், கரையோரம் தண்ணீர் சும்மா கிடக்கும், உள்ளே போனால்தான் இழுப்பு. அந்த இழுப்பு இருக்கிற இடத்தில் பஞ்சு இருந்தால்தான் அலையின் வேகத்தைப் பிடிக்கும். சுவரோடு ஒட்டிய ஓர் அங்குல நுரை கரையோரத்திலேயே நிற்கிறது. அதனால் 2 அங்குலக் கனம், பின்னால் 2 அங்குல இடைவெளி. சுவரில் முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

என்ன வாங்குவது

உள்ளே வைக்க ராக்வூல் பலகை, அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை. ஃபால்ஸ் சீலிங், ஏசி டக்ட் வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். 50 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். பல இடங்களில் 1000க்கு 600 மி.மீ. அளவில் கிடைக்கும், என் அளவுகள் அதற்குத்தான். சட்டத்துக்கு 3 அங்குல அகலம், 20 மி.மீ. கனமுள்ள மர ரீப்பர். போர்த்த காடாத் துணி. துணிக்கு ஒரே சோதனை: வாயில் வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் மறுபக்கம் போக வேண்டும். ரெக்ஸின் வேண்டாம். அழகுக்காகப் பத்தமடைப் பட்டுப்பாயைப் போர்த்தலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. நெருக்கமான நெசவு, ஊதினால் மூச்சு முட்டியது. பாய் பாயாகவே இருக்கட்டும்.

சட்டம்

ஒரு பேனலுக்கு 1000 மி.மீ. கட்டை இரண்டு, 640 மி.மீ. கட்டை இரண்டு. குட்டைக் கட்டைகள் நெட்டைக் கட்டைகளின் முனையை மூடுகிற மாதிரி வைத்து, மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ போடும் முன் சிறு துளை போடாவிட்டால் ரீப்பர் பிளந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. அண்ணாச்சி கடையில் கரையான் மருந்து வாங்கி ஒரு பூச்சு கொடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள்.

ராக்வூலைத் தொடும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், கண்ணாடி. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வைத்து வேலை பாருங்கள். அரிப்பு வந்தால் சொறியாமல் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்.

துணி போர்த்துதல்

துணியைத் தரையில் விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டேப்ளரை ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலை நோக்கி அடிக்க வேண்டும்; மூலையில் தொடங்கினால் சுருக்கம் விழும். பிறகு பலகையை உள்ளே இறக்குங்கள். சட்டம் 3 அங்குலம், பலகை 2 அங்குலம். மிச்சம் ஓர் அங்குலம் பின்னால் தானாகவே காலியாக இருக்கும். பலகை பின்பக்கம் சாயாமல் இருக்க இரண்டு குறுக்குக் கம்பி கட்டி, நூல் உதிராமல் பின்னாலும் ஒரு துணி அடித்துவிடுங்கள்.

எங்கே மாட்டுவது

பாட்டுக் கேட்கும் அறையென்றால், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் பேனலின் இடம். பதிவறையென்றால், பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் முதலில். மைக் அவரையும் தாண்டி அதைத்தான் பார்க்கிறது. அப்புறம் அவர் முகம் பார்க்கும் சுவர். சுவருக்கு இரண்டு போக, ஆறில் மீதி இரண்டை மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள். தாழ்ந்த ஒலி மூலையில்தான் குவியும். அதற்காக அடிமட்ட முழக்கம் முழுக்கப் போய்விடாது. எங்கள் அறையில் அகலமும் உயரமும் ஒரே 10 அடி என்பதால் 57 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கும்மல் இன்னும் இருக்கிறது. குடத்தைச் சுவரோரத்திலிருந்து அறை நடுவைப் பார்த்து மூன்றடி நகர்த்தி, பாதிச் சமாளிப்பு.

பேனல் ஒன்று நாலைந்து கிலோதான் இருக்கும். 6 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ, மேலே இரண்டு கொக்கி போதும். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், உள்ளே வயர் ஓடும். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் ஓர் அங்குலக் கட்டை ஒட்டினால் மொத்தம் 2 அங்குல இடைவெளி வந்துவிடும்.

இந்த இடைவெளி சத்தத்துக்கு மட்டுமில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழையில் எங்கள் மேற்குச் சுவர் ஊறிப்போனது. கட்டை ஒட்டச் சோம்பல்பட்டு, சுவரோடு ஒட்டி மாட்டிய ஒரே பேனலின் பின்துணியில் கறுப்பாகப் பூசணம். மற்றவை காய்ந்தே இருந்தன. ஐப்பசி பிறக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, எலி கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.