உயர்மலைப் பனிக்கு ஒரு டர்போ ஸ்னோமொபைல்: யமஹா நைட்ரோவை மாற்றியமைக்கும் முறை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள டோக்வோட்டி கணவாய் கடல்மட்டத்திலிருந்து 2,944 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடே அங்கே இருக்கும். எவ்வளவு எரிபொருளை எரிக்க முடியும் என்பதை எஞ்சினுக்குள் போகும் காற்றே தீர்மானிப்பதால், சமவெளியில் 130 குதிரைத்திறன் தரும் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) அந்தக் கணவாயில் 90ஐ ஒட்டித்தான் தரும். இடுப்பளவு ஆழமுள்ள புதுப்பனியில் செங்குத்தான சரிவொன்றை ஏறும்போது அந்த நாற்பது குதிரைத்திறன் இல்லாமற்போனால், வண்டி பாதி வழியிலேயே பனிக்குள் இறங்கி நின்றுவிடும். எஞ்சின் புகையின் விசையால் சுழன்று உள்ளே அதிகக் காற்றைத் திணிக்கும் டர்போசார்ஜரை மலைப்பகுதி ஓட்டுநர்கள் விரும்பத் தொடங்கியதற்கு இந்த இழப்பே காரணம்.

இன்று ஆலையிலேயே டர்போ பொருத்தப்பட்ட வண்டிகள் கிடைக்கின்றன. யமஹா உருவாக்கிய 998 சிசி மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் 2017 மாடல் முதல் யமஹா, ஆர்க்டிக் கேட் ஆகிய இரு நிறுவனங்களின் வண்டிகளிலும் வந்தது. ஸ்கி-டூ 2020இல் ரோட்டாக்ஸ் 850 டர்போவையும், போலாரிஸ் 2022 மாடலில் பேட்ரியாட் பூஸ்டையும் கொண்டுவந்தன. இவற்றை வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கிக்கொள்வதே எளிது. ஆனால் பழைய வண்டியொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தன் கையால் கட்டி, அதன் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை அறிந்து ஓட்ட விரும்புபவருக்கு, 2008 மாடலாக அறிமுகமான யமஹா எஃப்எக்ஸ் நைட்ரோ மிகப் பொருத்தமான அடித்தளம் என்பது என் கருத்து. அதன் நான்கு வீச்சு மூன்று சிலிண்டர் எஞ்சின் 82 மில்லிமீட்டர் விட்டமும் 66.2 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட 1049 சிசி அளவுடையது, ஏறக்குறைய 130 குதிரைத்திறன் தரும், உறுதியானது. மலைக்கான எம்டிஎக்ஸ் வகை நீண்ட டிராக்குடன் (வண்டியைப் பனியில் தள்ளும் சுழல்பட்டை) வருவதால் அதையே தேடி வாங்குங்கள்.

எதையும் வாங்குமுன் சட்டத்தைப் பாருங்கள். மாசுக்கட்டுப்பாட்டுச் சான்று பெற்ற எஞ்சினின் அமைப்புகளைக் குலைப்பதை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. பல மாநிலங்களில் ஒலி அளவுக்கும் வரம்பு உண்டு. போட்டித் தடத்தில் அனுமதிக்கப்படும் வண்டி பொதுப் பாதையில் அனுமதிக்கப்படாமல் போகலாம்.

முதலில் அழுத்தத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் எந்த டர்போவை வாங்கலாம் என்ற கேள்வியோடு தொடங்குகிறார்கள். எந்த உயரத்தில், எந்த எரிபொருளில், எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதே முதலில் கேட்கவேண்டியது. இந்த வழிகாட்டிக்கு 3,000 மீட்டர் உயரத்தில் 180 குதிரைத்திறனை இலக்காக வைத்துக்கொள்வோம். எரிபொருள், அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் 91 ஆக்டேன் (தானாக வெடிப்பதை எதிர்க்கும் தன்மையின் அளவு) பெட்ரோல்.

130 குதிரைத்திறனுக்கு எஞ்சின் கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7 பிஎஸ்ஐயை (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) பயன்படுத்துகிறது. 180 வேண்டுமானால், காற்று சூடாவதால் வரும் இழப்பையும் சேர்த்து, உள்ளே ஏறக்குறைய 21 பிஎஸ்ஐ முழு அழுத்தம் தேவைப்படும். 3,000 மீட்டரில் வெளிக்காற்று ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ மட்டுமே தருவதால், மீதி 11ஐ டர்போ தரவேண்டும். அளவிமுள் 11 பிஎஸ்ஐ பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ சேர்க்கும் அழுத்தம்) காட்டும்போதும் எஞ்சின் உணர்வது, கடல்மட்டத்தில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் தரும்போது உணரும் அதே அழுத்தத்தைத்தான். ஆலைச் சுருக்க விகிதத்தை (பிஸ்டன் கலவையை அமுக்கும் அளவு) மாற்றாமல், 91 ஆக்டேனில், நன்றாகச் சரிசெய்யப்பட்ட நைட்ரோ இந்த அளவைத் தாங்குவதற்குக் காரணம் இதுவே.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. 11 பிஎஸ்ஐக்கு அமைக்கப்பட்ட அதே வண்டியைத் தாழ்வான சமவெளிக்குக் கொண்டுவந்து முழு த்ராட்டில் கொடுத்தால், உள்ளழுத்தம் 25 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். அப்போது எரிபொருள் தானாக வெடித்து, பிஸ்டனின் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடையும். ஆகவே வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளக்கும் சாதாரண ஸ்ப்ரிங் வேஸ்ட்கேட்டை (புகையை டர்போவைச் சுற்றி வெளியேற்றி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) மட்டும் நம்பாமல், முழு அழுத்தத்தை அளக்கும் சென்சார் கொண்ட மின்னணு பூஸ்ட் கட்டுப்பாட்டைப் பொருத்துங்கள். இந்த வேலையில் பணத்தைச் சேமிக்கக் கூடாத இடம் இதுதான்.

எஞ்சினைச் சோதித்தல்

பழைய எஞ்சினில் டர்போ பொருத்துமுன் மூன்று சிலிண்டர்களின் அமுக்கத்தையும், அமுக்கம் கசியும் அளவையும் சோதிக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் எஞ்சினைத் திறந்து காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். வால்வு இடைவெளியையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

மேலும் அதிகத் திறன் தேடுபவர்கள் தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டுச் சுருக்க விகிதத்தைக் குறைப்பதுண்டு. ஹெட் உயர்வதால், வால்வுகளைத் திறக்கும் கேம்களைச் சுழற்றும் கேம் செயின் இழுபட்டு, கேம்களின் நேரம் சற்றுப் பின்தங்கும். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள நெருக்கமான இடைவெளியும் அகன்று, எரிகலவை நன்றாகக் கலங்காமல் போகும். 180 குதிரைத்திறனுக்கு இது தேவையில்லை என்பதால் இதைச் செய்யாமல் விடுவதே நல்லது.

டர்போவும் காற்றுப் பாதையும்

180 குதிரைத்திறனுக்கு நிமிடத்திற்கு ஏறக்குறைய 21 பவுண்டு காற்று தேவை. ஆனால் மெல்லிய மலைக்காற்றில், டர்போவில் காற்றை அமுக்கும் பகுதியான கம்ப்ரசர் அதே எடைக்காக அதிகக் கன அளவை விழுங்க வேண்டியிருப்பதால், தயாரிப்பாளர் தரும் கம்ப்ரசர் வரைபடத்தில் நீங்கள் பார்க்கவேண்டிய புள்ளி 27 பவுண்டுக்கு அருகில், அழுத்த விகிதம் 2.1இல் இருக்கும். காரெட் ஜிடி28 வகையின் நடுத்தர அளவு இந்தப் புள்ளியை வசதியாகக் கையாளும். சமவெளிக் கணக்கில் மிகச் சிறிய டர்போவைத் தேர்ந்தெடுத்தால், மலையில் அது தன் வேக எல்லையைத் தாண்டிச் சுழன்று காற்றைச் சூடாக்கும். மிகப் பெரியதை எடுத்தால், மரங்களுக்கிடையே திரும்பும்போது த்ராட்டில் கொடுத்த பின்னரும் திறன் வரத் தாமதமாகும். புதுப்பனியில் அந்தத் தாமதம் பெரும் எரிச்சல் தரும், ஏனெனில் வண்டி மிதந்துகொண்டிருக்கவே இடைவிடாத இழுவை வேண்டும்.

வெளியே உறைகுளிர் இருக்கும்போது, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பூஜ்ஜியத்துக்குக் கீழ் 10 டிகிரி செல்சியஸில் உள்ள காற்றை 2.1 விகிதத்தில் அமுக்கும்போது, எழுபது விழுக்காடு திறனுள்ள கம்ப்ரசரிலும் அது 80 டிகிரியை எட்டும். எழுபது விழுக்காடு பயன் தரும் இன்டர்கூலர் அதை 20 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடும். ஆகவே இன்டர்கூலர் கட்டாயம் வேண்டும். குளிர்காற்று நேராகப் படும் இடத்தில், ஆனால் பனி அடைத்துக்கொள்ளாத வகையில், முன்னால் வலையிட்டு அதைப் பொருத்துங்கள்.

ஆலையின் பிளாஸ்டிக் காற்றுப்பெட்டி அழுத்தத்தைத் தாங்காது. அதன் இடத்தில் பற்றவைத்த அலுமினியப் பெட்டியொன்று, மூன்று த்ராட்டில் வாய்களுக்கும் ஒரே அளவில் காற்று போகும்படி அமைய வேண்டும். பொருத்திய பின் டர்போவின் வாயை அடைத்து, 10 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள். குமிழி வரும் ஒவ்வோர் இடத்தையும் இறுக்குங்கள். கம்ப்ரசரின் வாய்க்குப் பனித்தூள் புகாத வடிகட்டியும், நீரை விலக்கும் துணியுறையும் வேண்டும். உறிஞ்சப்படும் பனிக்கட்டி அதிவேகத்தில் சுழலும் சக்கரத்தின் இதழ்களை வளைத்துவிடும்.

டர்போவில் புகை சுழற்றும் டர்பைன் பக்கம் முழுச் சுமையில் செந்தணலாகும். எரிபொருள் தொட்டி, பெல்ட் உறை, மின்கம்பிகள் ஆகியவற்றுக்கும் அதற்கும் இடையே உலோக மறைப்பும் காற்றிடைவெளியும் விடுங்கள். புகைக்குழாயில் சைலன்சரை விட்டுவிடாதீர்கள்; பொதுப் பாதைகள் மூடப்படுவதற்குச் சத்தமே பெரும் காரணமாகிறது.

எண்ணெய் ஓட்டத்தில் பலர் தவறுகிறார்கள். பால் பேரிங் டர்போவுக்கு எண்ணெய் அளவோடு போக வேண்டும். காரெட் இதற்கு 0.04 அங்குலத் துளையுள்ள கட்டுப்படுத்தியைப் பரிந்துரைக்கிறது. திரும்பிவரும் குழாய் அகலமாகவும், எங்கும் மேல்நோக்கி வளையாமலும் கீழிறங்க வேண்டும். டர்போ மிகத் தாழ்வாக அமைந்தால் எண்ணெயை உறிஞ்சித் திருப்பும் தனிப் பம்பு தேவைப்படும். செங்குத்துச் சரிவில் வண்டி நிற்கும் கோணத்தையும் மனத்தில் வைத்தே இந்தக் குழாயைப் போடுங்கள்.

எரிபொருள்

டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வைத்தால், 180க்கு 108 பவுண்டு; பெட்ரோலைத் தெளிக்கும் மூன்று இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 36. இன்ஜெக்டரை அதன் முழு நேரமும் திறந்துவைக்கக் கூடாது என்பதால் எண்பத்தைந்து விழுக்காட்டில் கணக்கிட்டால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 450 சிசி தரும் இன்ஜெக்டர் குறைந்தபட்சத் தேவை. குறைந்த உயரங்களையும் கருதி 550 சிசி போடுவது பாதுகாப்பு. எத்தனால் மிகுந்த இ85 எரிபொருளுக்கு மாற நினைத்தால் மேலும் முப்பது முதல் நாற்பது விழுக்காடு சேர்க்க வேண்டும். எரிபொருள் அழுத்தம் பூஸ்டோடு சேர்ந்து ஒன்றுக்கு ஒன்று உயரும் ரெகுலேட்டரும், அதற்கு ஈடுகொடுக்கும் பம்பும் இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிலைக்காது.

கலவையைச் சரிசெய்ய அகல வரம்பு ஆக்சிஜன் சென்சாரும், பதிவு செய்யும் கருவியும் வேண்டும். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை 11.5க்கு அருகில் வைத்து, பற்றவைப்பு நேரத்தை ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தள்ளித் தொடங்குங்கள். வேஸ்ட்கேட்டை அதன் மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்து முதல் ஓட்டங்களை முடித்து, பதிவுகளைப் பார்த்த பிறகே இரண்டிரண்டு பிஎஸ்ஐயாக உயர்த்துங்கள். விமான எரிபொருளைக் கலப்பவர்கள் அதிலுள்ள ஈயம் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும் என்பதையும், கெட்ட சென்சார் பொய்யான எண்ணைக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கிளட்ச்: வேலையின் மறுபாதி

இவ்வளவையும் சரியாகச் செய்து, கிளட்சைத் தொடாமல் விட்டவரின் வண்டி ஆலை வண்டியைவிட மோசமாக ஓடும். ஸ்னோமொபைலில் கியர்கள் இல்லை. எஞ்சினோடு இணைந்த முதல் கிளட்ச், டிராக்கை இயக்கும் இரண்டாம் கிளட்ச், இவற்றுக்கிடையே ஓடும் பெல்ட் ஆகியவையே விகிதத்தைத் தொடர்ந்து மாற்றுகின்றன. முதல் கிளட்சின் எடைகள் சுழற்சியால் வெளியே விரிந்து பெல்ட்டை நெருக்குகின்றன. டர்போவின் முறுக்குவிசைக்கு அந்த நெருக்கம் போதாமற்போனால் பெல்ட் வழுக்கும், எஞ்சின் எல்லையைத் தாண்டிச் சுழலும், சூடேறிய பெல்ட் கிழியும்.

எனவே கிராம் கணக்கில் எடை கூட்டக்கூடிய எடைகளை வாங்குங்கள். நன்கு சூடான எஞ்சினோடு, அழுத்தமான பனியில், நீண்ட முழு த்ராட்டில் ஓட்டமொன்றைச் செய்து சுழற்சி எண்ணைப் பாருங்கள். எஞ்சின் தன் உச்சத் திறனுக்குரிய சுழற்சியைத் தாண்டினால் எடையைக் கூட்டுங்கள்; அதை எட்டாவிட்டால் குறையுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து வேகம் கூடக்கூடச் சுழற்சி மாறினால், எடையின் எந்தப் பகுதியில் கிராம்களைச் சேர்க்கிறீர்கள் என்பதையும் இரண்டாம் கிளட்சின் ஹெலிக்ஸ் (சரிவுப் பாதையுள்ள பாகம்) கோணத்தையும் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் பெல்ட்டின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து எழுதிவையுங்கள். 90 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வழுக்கல், நேர்க்கோட்டுப் பிசகு, காற்றோட்டக் குறைவு ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். இந்தப் பொறுமையான வேலைக்கு ஒரு நன்மையும் கிடைக்கிறது: உள்ளழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் டர்போ வண்டிக்கு, சாதாரண வண்டியைப் போல உயரம் மாறும்போதெல்லாம் கிளட்ச் எடைகளைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை.

முதல் ஓட்டங்கள்

எரிபொருளையும் பற்றவைப்பையும் நிறுத்திவைத்து, எண்ணெய் அழுத்தம் வரும்வரை எஞ்சினைச் சுழற்றிய பின்னரே முதன்முறை இயக்குங்கள். கடுங்குளிரில் எண்ணெய் இளகும் வரை சில நிமிடங்கள் சும்மா ஓடவிடுங்கள். நிறுத்துமுன்னும் ஓரிரு நிமிடம் அப்படியே விட்டால் டர்போவின் பேரிங்கில் எண்ணெய் கருகாது. டிராக் வாரியிறைக்கும் பனிதான் அடியிலுள்ள குளிர்விப்பானைக் குளிர்விக்கிறது என்பதால், கெட்டிப்பட்ட பாதையில் பனி கிளறும் கம்பிகளை இறக்கிவைத்து ஓட்டுங்கள்.

கூடுதல் திறன் உங்களை முன்பு ஏற முடியாத சரிவுகளுக்கு அழைத்துச் செல்லும். அவை பனிச்சரிவு விழும் கோணத்திலேயே இருப்பதால், பனியில் புதைந்தவரைக் கண்டறிய உதவும் டிரான்ஸ்சீவர், துழாவுகோல், மண்வெட்டி ஆகியவை உங்களிடமும் உடன் வருபவரிடமும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் டர்பைன் பக்கப் பட்டைகளையும் மேனிஃபோல்ட் நட்டுகளையும், சூடு தணிந்த பிறகு, முறுக்குவிசைக் குறடால் மீண்டும் சரிபாருங்கள். முதல் சில வெப்பச் சுழற்சிகளில் அவை தளர்வது இயல்பு. எண்ணெயையும் வடிகட்டியையும் ஆலை சொல்வதற்கு முன்னதாகவே மாற்றி, வடிகட்டியை வெட்டித் திறந்து, மடிப்புகளில் உலோகத் துகள் தென்படுகிறதா என்று பாருங்கள்.