தாழ்வளைவு மட்டையால் பட்ட பாடும் கண்ட தீர்வும்

நாகர்கோவிலில் நடுக்கள வீரனாக ஆடிவரும் நான், டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் தரையோடு இழுத்து எறியும் முறை) அடிப்பவர்களைப் பார்த்த ஆசையில், தாழ்வான வளைவு கொண்ட, அதாவது வளைவின் உச்சம் அடிப்பகுதிக்கு அருகே அமைந்த, ஹாக்கி மட்டை ஒன்றை வாங்கினேன். அன்று முதல், தரையோடு உருள வேண்டிய என் நீண்ட பாஸ்கள் முழங்கால் உயரத்திற்கு எழும்பத் தொடங்கின.

ஒரு மாலை, மட்டையின் தட்டையான முகம் கீழே இருக்கும்படி வீட்டுச் சிமென்ட் தரையில் கிடத்தி, தரைக்கும் மட்டைக்கும் நடுவே வளைவால் உண்டான இடைவெளியை அளவுகோலால் அளந்தேன். அதிகபட்ச இடைவெளி 24 மில்லிமீட்டர். அது மட்டையின் அடியிலிருந்து 210 மில்லிமீட்டர் தொலைவில் இருந்தது. வளைவு 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதன் உச்சம் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே விதி. ஆகவே மட்டையில் குற்றமில்லை. ஆனால் இத்தகைய மட்டையால் ஓங்கி அடிக்கும்போது முகம் சற்றே பின்சாய்ந்து, பந்தின் அடிப்பகுதியைத் தொட்டுத் தூக்கிவிடுகிறது. இழுத்து எறிபவருக்கு அது பெரும் துணை; என்னைப் போல் அடித்துக் கொடுப்பவருக்கு இடையூறு.

கைகளைப் பந்துக்குச் சற்று முன்னே கொண்டுசென்று அடித்தபோது ஓரளவு அடங்கியது. பிறகு, உச்சம் 300 மில்லிமீட்டர் அருகே அமைந்த நண்பரின் மட்டையை இரவல் வாங்கி இரண்டு வாரம் ஆடிப் பார்த்து, அதே வளைவில் ஒன்று வாங்கினேன். இப்போது பந்து தரையை விட்டு எழுவதில்லை.