புதுக்கோட்டை மாவட்டம் போகிறீர்களா?

வெயில் ஏறுவதற்குள் சித்தன்னவாசலை முடித்துவிடுங்கள். மொட்டைப் பாறை, நிழலே கிடையாது. மலைமேல் உள்ள ஏழடிப்பட்டம் குகைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். சமணத் துறவிகளின் கல் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் அங்கேதான். அதே மலையிலுள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலில் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். தாமரைக் குளம், யானை, மீன், பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் கூரையில்தான். ஓவியம் மங்கிவிட்டதால் கண் பழக இரண்டு நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டால் வெறும் கூரைதான் தெரியும்.

அப்புறம் அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலை. சங்கீதம் தெரிந்தவரைக் கூட்டிப்போனால் நல்லது. அங்குள்ள இசைக் கல்வெட்டு ஸ்வரங்களாகவே வெட்டப்பட்டது.

திருமயம் எதிர்த்திசையில், காரைக்குடி சாலையில் இருக்கிறது. அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மேல் காற்று பிரமாதம்! சுதந்திரப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊர் இது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886) பிறந்தது புதுக்கோட்டை நகரில்.

புதுக்கோட்டை நகரின் திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலுக்குத் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.